கையால் இழுக்கும் லஞ்சோ நூடில்ஸ்: கொழும்பு வெக்கையில் செய்யும் முறை

வீச்சு ரொட்டி போடுபவரின் கையைக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிக் கிடந்த உருண்டையைக் கல்லில் வைத்துத் தட்டி, இரண்டு மூன்று வீச்சில் துணிபோல விரித்துவிடுவார். மா கிழியாது. விரித்தபின் சுருங்கித் திரும்பிப் போவதும் இல்லை. சீனத்தின் வடமேற்கே, கன்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கும் லஞ்சோ நகரத்தில், ஒரு கட்டி மாவை ஏழு இழுப்பில் 128 இழைகளாக்குகிறவர்களும் மாவின் இந்தக் குணத்தைத்தான் நம்புகிறார்கள். ரொட்டிக்காரர் அகலத்தில் எடுப்பதை அவர்கள் நீளத்தில் எடுக்கிறார்கள். அந்த நூடில்ஸுக்கு லாமியன் என்று பெயர். 'லா' என்றால் இழுத்தல், 'மியன்' என்றால் நூடில்ஸ்.

புதிதாகப் பழகுபவர்கள் இழுக்கும் கையசைவைப் படித்துக்கொண்டு வந்து, மாவிலே தோற்றுப்போகிறார்கள். இழுப்பு இரண்டு நிமிட வேலை. அதற்கு முன் ஒரு மணிநேரத்துக்கு மேல் மாவோடு மல்லுக்கட்ட வேண்டும். சரியாகக் குழைத்த மாவைப் புதுக்கைகூட 16 இழை வரை இழுத்துவிடும். குழையாத மாவை எந்தக் கையாலும் இழுக்க முடியாது. ஆகவே இங்கே பாதிக்கு மேல் குழைப்பைப் பற்றியே சொல்கிறோம்.

மாவும் தண்ணீரும்

ஆறு கோப்பைக்கு வேண்டியவை: வெள்ளைக் கோதுமை மா 500 கிராம், உப்பு 5 கிராம், குளிர்ந்த தண்ணீர் 255 மில்லிலீற்றர், காரக் கரைசல் 25 மில்லிலீற்றர் (உறைப்பு அல்ல, அப்பச்சோடாவைச் சுட்டுச் செய்வது; முறை கீழே), பூச எண்ணெய் கொஞ்சம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம் தேவை, ஏனென்றால் 15 மில்லிலீற்றர் தண்ணீர் கூடினாலே மா வேறொன்றாகிவிடும்.

மா வாங்கும்போது பைக்கற்றின் பின்னால் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 10 முதல் 11 வரை இருப்பது நல்லது. பாணுக்கென்று விற்கும் 12, 13 கிராம் புரத மாவில் இழுவிசை அதிகம். இழுத்த கையை விட்டதும் இறப்பர் போலச் சுருண்டு வரும். கேக் மாவில் 8, 9 கிராம்தான் இருக்கும். நான்காவது இழுப்பிலேயே அறுந்துவிடும். ஆட்டா மா சரிவராது. அதிலிருக்கும் தவிட்டுத் துணுக்குகள், மாவின் புரதங்கள் பின்னும் பசைவலையைச் சின்னக் கத்திகள் போல வெட்டும்.

கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் இரண்டு புரதங்கள் பின்னிக்கொள்கின்றன. குளூட்டனின் சுருள்வில் மாதிரி, இழுத்தால் திரும்பி வரப் பார்க்கும். கிளையடின் பாகு மாதிரி, இழுத்த பக்கம் போகும். பாணுக்குச் சுருள்வில் வேண்டும். நூடில்ஸ் இழுக்க, வில்லை அடக்கிப் பாகை மேலே கொண்டுவர வேண்டும். நீண்ட குழைப்பும் ஆறவிடும் நேரமும் இதற்காகத்தான்.

தண்ணீரின் சூட்டில் கொழும்புக்கென்று ஒரு திருத்தம் உண்டு. லஞ்சோவில் குளிர்காலத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மற்றக் காலங்களில் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றுவார்கள். மா குழைந்து முடியும்போது ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. இங்கே மாவே 29, 30 பாகையில்தான் டப்பாவில் இருக்கிறது. கையின் சூடும் உராய்வும் சேர்ந்தால் 34ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் மா வழவழத்து, பசை தளர்ந்து, பலகையில் ஒட்டும். குளிரூட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து, விரலுக்கு நன்றாகக் குளிரும் பதத்தில், 15 பாகை அளவில் ஊற்றுங்கள். மழை விடாமல் பெய்யும் நாட்களில் மா காற்றிலிருந்தே ஈரம் குடித்திருக்கும். அப்போது தண்ணீரில் 10 மில்லிலீற்றர் குறைத்துத் தொடங்குங்கள்.

இன்னொன்று: மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. விசிறிக் காற்றில் மாவின் மேல் மூன்று நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிந்துவிடும். இழுக்கும்போது உள்ளே நீளும், தோல் நீளாது. தோல் வெடித்த இடத்தில் இழை அறும். மாவில் குறை தேடி ஏமாறுகிறவர்கள் பலர் தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

காரம்

லஞ்சோ நூடில்ஸின் மஞ்சளும் வழுக்கலான கடியும் காரத்தால் வருபவை. பழைய நாளில் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு செடியைச் சுட்டு, அதன் சாம்பலைக் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தார்கள். அதற்குப் பெங்ஹுய் என்று பெயர். அதில் முக்கியமானது பொட்டாசியம் காபனேற்று. இப்போது அங்குள்ள கடைகளிலும் ஆலையில் தயாரித்த தூளே பெரும்பாலும் புழங்குகிறது. மாவில் இயல்பாகவே இருக்கும் நிறமற்ற சேர்மங்கள் காரம் பட்டதும் மஞ்சளாகின்றன. முட்டையோ மஞ்சள்தூளோ அதில் கிடையாது.

நம் வீட்டில் இருக்கும் அப்பச்சோடாவை அப்படியே போட்டால் காரம் போதாது. அதைச் சுட வேண்டும். அப்பச்சோடா 50 கிராமை ஓர் எவர்சில்வர்த் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஓவனில் 150 பாகையில் ஒரு மணிநேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் இரும்புத் தாச்சியில் சிறுதீயில் போட்டுக் கிளறலாம். தூள் திடீரென்று தண்ணீர் போலத் தளும்பி ஓடத் தொடங்கும். உள்ளிருந்து நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறுகின்றன. தளும்பல் முற்றாக அடங்கியபின் இன்னும் பத்து நிமிடம் வைத்திருங்கள். சரியாக முடிந்ததா என்பதைத் தராசு சொல்லும். 50 கிராம் போட்டது 32 கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 40இல் நின்றால் இன்னும் சுட வேண்டும். இப்போது அது சோடியம் காபனேற்று.

அதில் 10 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தோலையும் கண்ணையும் எரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், கறுத்துவிடும். சலவைச் சோடா என்று கடையில் விற்பது பெயரளவில் இதே பொருளானாலும் உணவுக்குத் தயாரித்ததல்ல. வெங்காரம் நஞ்சு, யார் சொன்னாலும் சேர்க்கக் கூடாது.

500 கிராம் மாவுக்கு இந்தக் கரைசலில் 25 மில்லிலீற்றர், அதாவது 2.5 கிராம் காரம். கூடினால் நூடில்ஸ் சவர்க்காரம் மணக்கும், நிறம் பச்சை கலந்த மஞ்சளாகும். குறைந்தால் வெள்ளையாக, கொதிநீரில் சீக்கிரம் குழைந்துபோகும்.

குழைத்தல்

லஞ்சோக்காரர்கள் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: மூன்று முறை தண்ணீர், மூன்று முறை சாம்பல், ஒன்பது ஒன்பதாக எண்பத்தொரு குழைப்பு. எண்ணிக்கையை அப்படியே எடுக்கத் தேவையில்லை. மொத்தமாக ஊற்றாதே என்பதையும், போதும் என்று தோன்றியபின்னும் விடாதே என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அகன்ற பாத்திரத்தில் மாவைக் கொட்டி உப்பைக் கலந்து, முதலில் 180 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்றி, விரல்களை விரித்துக் கிளறுங்கள். உருண்டையாக்க முயலாதீர்கள். புட்டுக்குக் குழைத்தது போலச் சின்னச் சின்ன உதிரிகளாக வர வேண்டும். அடுத்து 50 மில்லிலீற்றர் தெளித்துக் கிளற, உதிரிகள் பெருத்து ஒன்றோடொன்று சேரும். கடைசி 25ஐ அடியில் மிஞ்சிய உலர்மாவின் மேல் தெளித்து, எல்லாவற்றையும் திரட்டி அமுக்குங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் சில இடம் குடித்து வீங்கும், சில இடம் காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ந்த புள்ளிகள்தான் பின்னால் இழை அறும் இடங்கள்.

இனிக் கைமுட்டியால் குத்திக் குழைக்க வேண்டும். அமுக்கி விரி, மடி, மறுபடி அமுக்கு. மடிப்பு எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மா ஒன்றாகும். மேற்பரப்பு கரடாகத்தான் இருக்கும். ஈரத்துணியால் மூடி அரை மணிநேரம் விடுங்கள். திறந்து பார்த்தால் யாரோ வந்து குழைத்துவிட்டுப் போனது போல வழுவழுப்பாக இருக்கும்.

இரண்டாம் குழைப்பில்தான் காரம். மாவைத் தட்டையாக்கி, கரைசலில் மூன்றில் ஒரு பங்கைத் தடவி, மடித்து ஐந்து நிமிடம் குழையுங்கள். மா உடனே வழுக்கும், நூல் நூலாகப் பிரியும், பலகையெல்லாம் பிசுபிசுக்கும். பயந்துபோய் உலர்மா தூவுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. தூவாதீர்கள். குழைத்துக்கொண்டே இருந்தால் அது குடித்துக்கொண்டு மறுபடி ஒன்றாகும். அடுத்த பங்கு, அதற்கடுத்த பங்கு என மூன்றும் முடிய இருபது இருபத்தைந்து நிமிடம். நிறம் இளமஞ்சளாகியிருக்கும், மெல்லிய கார மணம் வரும். மிக்ஸர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மெதுவேகத்தில் பத்து நிமிடம் ஓட்டலாம். இயந்திரம் மாவைச் சீக்கிரம் சூடாக்கும்; நடுவில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள்.

பதம் பார்க்க, எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி விரல் நீளத்துக்கு உருட்டி, ஒரு நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன் பாரத்தாலேயே மெல்ல நீள வேண்டும். பிறகு இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பலகையில் விடுங்கள். விட்ட இடத்தில் கிடந்தால் சரி. மண்புழு போலச் சுருங்கினால் இன்னும் பத்து நிமிடம் குழைத்து, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தொங்கவிட்டதும் ஒழுகி அறுந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது மா சூடாகிவிட்டது. மூடி குளிரூட்டியில் பதினைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த மாவை ரொட்டிக்கு எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதே நேரத்துக்கு நல்லது.

முறுக்கி ஆட்டுதல்

மாவை முழங்கை நீளக் கட்டையாக உருட்டி, இரு நுனியையும் பிடித்துத் தூக்குங்கள். நடுப்பகுதி தொய்யும்போது இலேசாகக் கீழ்நோக்கி உதறி, கைகளை விரியுங்கள். கைவீச்சு முழுவதும் நீண்டதும் இரு நுனிகளையும் ஒன்று சேர்த்தால், தொங்கும் வளையம் கயிறு திரிப்பது போலத் தானாக முறுக்கிக்கொள்ளும். வளையத்தின் அடிமுனையை மறுகையால் பிடித்து மறுபடி நீட்டுங்கள். ஒருமுறை இடப்பக்கம் முறுக்கினால் அடுத்தமுறை வலப்பக்கம். பதினைந்து இருபது தடவை செய்யும்போது தாறுமாறாகப் பின்னிக்கிடந்த பசைவலை நீளவாக்கில் வரிசைப்படும். முதல் சில தடவை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் வரும். மெலிந்த இடத்தை மடித்து உள்ளே கொடுத்துத் தொடருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே இழுத்தால் பாதி இழைகள் கயிறாகவும் பாதி நூலாகவும் வரும்.

பிறகு பலகையில் எண்ணெய் தடவி, மாவை இரண்டு விரல் தடிப்பில் உருட்டி, 130 கிராம் வீதம் ஆறு துண்டாக வெட்டுங்கள். மேலெல்லாம் எண்ணெய் பூசி, பொலித்தீனால் மூடி இருபது நிமிடம். கொழும்பில் அதற்குமேல் இரண்டு மணிநேரத்தைத் தாண்ட விடாதீர்கள். வெக்கையில் பசை தளர்ந்து மா கூழாகத் தொடங்கும்.

இழுத்தல்

தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் இழுக்கத் தொடங்க வேண்டும். இழுத்த இழைகளை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தால் எல்லாம் ஒட்டி ஒரு கட்டியாகிவிடும்.

பலகையில் உலர்மாவைத் தாராளமாகத் தூவி, ஒரு துண்டை அதில் புரட்டி, எண்ணெய்ப் பிசுக்கு மறையும்படி ஒன்றரை விரல் தடிப்பில் உருட்டுங்கள். இரு நுனியையும் பிடித்து, தயங்காமல் ஒரே சீராகக் கைவீச்சு நீளத்துக்கு இழுங்கள். வலக்கை நுனியை இடக்கைக்குக் கொண்டுவந்து, இரு நுனிகளையும் இடக்கை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ளுங்கள். வளைந்து தொங்கும் நடுவில் வலக்கை நடுவிரலைக் கொக்கியாக மாட்டி மறுபடி இழுங்கள். இப்போது இரண்டு இழை. விரலில் இருக்கும் வளையத்தை இடக்கைக்கு மாற்றி, புதிய நடுவில் மறுபடி விரலை மாட்டினால் நான்கு. ஒவ்வொரு இழுப்பிலும் இழைகளைப் பலகையில் ஒருமுறை படீரென்று தட்டுங்கள். அது வெறும் வேடிக்கைச் சத்தமல்ல. கூடுதலாக ஒட்டிய மா உதிரும், தடித்த இடம் பாரத்தால் நீண்டு மற்றவற்றோடு சமப்படும். ஒன்றுவிட்டு ஒரு மடிப்புக்கு உலர்மாவில் ஒருமுறை புரட்டி எடுங்கள்.

130 கிராம் துண்டு ஐந்தாவது மடிப்பில் 32 இழையாகும்போது ஓர் இழை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். ஆறாவதில் 64 இழை, ஒன்றேமுக்கால் மில்லிமீற்றர். ஏழாவதில் 128 இழை, ஒன்றேகால். லஞ்சோவில் மயிர்போல மெல்லியதற்கு மாவ்சீ என்றும், சற்றே தடித்ததற்கு எர்சீ என்றும், தட்டையானதற்கு வெங்காயப்புல் போன்ற ஓர் இலையின் பெயரால் ஜியூயே என்றும் கேட்டு வாங்குவார்கள். தட்டையாக வேண்டுமானால் முதல் இழுப்புக்கு முன்னரே துண்டை உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். முதல் மாதம் ஐந்து மடிப்போடு நிறுத்துங்கள். 32 சீரான இழைகள், 128 ஒட்டிய இழைகளைவிட எத்தனையோ மடங்கு நல்ல சாப்பாடு.

எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். அதுவே காரணத்தையும் சொல்லிவிடும். கைக்குப் பக்கத்தில் அறுந்தால் பிடி இறுகிவிட்டது. நுனியைக் கிள்ளாமல் விரல்களுக்கிடையே சும்மா தாங்குங்கள். நடுவில் அறுந்தால் இழுத்த வேகம் கூடிவிட்டது அல்லது உருட்டும்போதே நடு மெலிந்திருந்தது. அங்குமிங்குமாக அறுந்தால் குழைப்பு போதவில்லை. இழைகள் ஜோடி ஜோடியாக ஒட்டினால் உலர்மா போதவில்லை.

இரண்டு மூன்று முயற்சியிலும் வராதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். வடமேற்குச் சீனத்திலேயே உய்குர் வீடுகளில் லக்மன் என்று இன்னொரு வழி இருக்கிறது. ரொட்டிக் கடை வழக்கத்துக்கு மிக நெருக்கமானது. 500 கிராம் மா, 6 கிராம் உப்பு, 260 மில்லிலீற்றர் தண்ணீர், காரம் வேண்டாம். குழைத்து அரை மணிநேரம் ஆறவிட்டு மறுபடி குழைத்து, சுண்டுவிரல் தடிப்பில் நீளக் கயிறாக உருட்டி, எண்ணெய் ஊற்றிய தட்டில் சுருட்டி வைத்து, மூடி ஒன்றரை மணிநேரம் ஊறவிடுங்கள். பிறகு கயிற்றின் ஒரு நுனியிலிருந்து இரு கையாலும் இழுத்துக்கொண்டே போனால் போதும். மடிப்புக் கணக்கே இல்லை. இதை நான்கைந்து தடவை செய்து மாவின் இழுவையைக் கை உணர்ந்துகொண்டபின் லஞ்சோ முறைக்கு வருவது நல்ல வழி.

அவித்தலும் கோப்பையும்

அகன்ற பாத்திரத்தில் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர், தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு கோப்பைக்குரியதை மட்டும் போடுங்கள். வலக்கை வளையத்தை முதலில் நீரில் இறக்கி, இடக்கையில் மிஞ்சிய குமிழைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தக் குமிழை அடுத்த துண்டோடு சேர்த்து உருட்டலாம். பத்து விநாடி தொடாமல் விட்டு, பிறகு நீளக் குச்சியால் ஒருமுறை கிளறுங்கள். மெல்லியது 40 விநாடி, இரண்டரை மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை நிமிடம். நான்கைந்து கோப்பை முடிந்ததும் தண்ணீர் கலங்கிக் கொழகொழக்கும். மாற்றிவிடுங்கள்.

லஞ்சோவில் இது மாட்டிறைச்சி நூடில்ஸ். 1915இல் மா பாவோட்சு என்ற ஹுய் இனத்து முஸ்லிம் அந்த நகரத்தில் விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்றும் அது ஹலால் கடைகளின் உணவுதான். நல்ல கோப்பைக்கு ஐந்து அடையாளம் வைத்திருக்கிறார்கள்: சாறு தெளிவு, முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லியும் உள்ளித்தாளும் பச்சை, நூடில்ஸ் மஞ்சள்.

சாறுக்கு ஒரு கிலோ எலும்பையும் 500 கிராம் இறைச்சியையும் ஒரு மணிநேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து இரத்தநீரை ஊற்றிவிடுங்கள். நான்கு லீற்றர் புதுநீரில் போட்டு, கொதி வரும்போது எழும் நுரையை முழுவதும் அள்ளி எடுத்தபின், இஞ்சித் துண்டு, அன்னாசிப்பூ இரண்டு, கறுவா ஒரு துண்டு, பெருஞ்சீரகம், மிளகு, ஏலம் இவற்றைத் துணியில் முடிந்து போடுங்கள். அங்கே போடுவது தடித்த காசியாப் பட்டை. நம் கறுவா அதைவிட மென்மையானது, கூச்சமின்றிப் போடலாம். மூன்றரை மணிநேரம் மேற்பரப்பு இலேசாக அசையும் அளவுக்கே தீ. பொங்கிக் கொதித்தால் கொழுப்பு கரைந்து சாறு பால்போலக் கலங்கும், பிறகு தெளியாது. உப்பு கடைசியில். சோயா சோஸ் வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டெலும்பிலோ, இரண்டு மணிநேரத்தில் கோழியெலும்பிலோ இதையே செய்யலாம்.

முள்ளங்கியை மெல்லிய தகடாக வெட்டித் தனியே ஐந்து நிமிடம் அவித்து நீரை ஊற்றிவிடுங்கள்; நேரே சாற்றில் போட்டால் அதன் வாடை ஏறிவிடும். மிளகாய் எண்ணெய்க்கு, விதையோடு இடித்த செத்தல் மிளகாய் 50 கிராம். 250 மில்லிலீற்றர் எண்ணெயைப் புகை எழும் வரை காய்ச்சி, இறக்கி ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டு, மூன்று தடவையாக மிளகாயின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். புகையும் சூட்டிலேயே ஊற்றினால் மிளகாய் கருகிக் கசக்கும். அடுத்த நாள்தான் அதன் நிறமும் மணமும் முழுமையாக இறங்கும், ஆகவே முதல்நாளே செய்து வையுங்கள்.

நூடில்ஸை வடித்துக் கோப்பையில் போட்டு, கொதிக்கும் சாறு 350 மில்லிலீற்றர் ஊற்றி, முள்ளங்கி, இறைச்சித் துண்டு, கொத்தமல்லி, உள்ளித்தாள், மேலே ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். எல்லோருக்கும் சேர்த்துப் பரிமாறக் காத்திருக்காதீர்கள். சாற்றில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நூடில்ஸ் ஊறிப் பருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடி போய்விடும். ஒரு கோப்பை ஆனதும் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடட்டும், நீங்கள் அடுத்த துண்டை உருட்டுங்கள்.